இசைக்கிறவரை மேய்ப்பராக்க வேண்டாம்

வாராந்திர தியானம்
வாசிக்க: சங்கீதம் 73, 1 நாளாகமம் 15:16–24



சில வாரங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாலிபத் தம்பி ஒருவன் என்னிடம் வந்து நின்றான். நம் சபையின் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கிறான். "பாஸ்டர், படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போகாமல், முழுநேரமும் இசைக்கே என்னை ஒப்புக்கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஸ்கில்லெட் குழுவின் ஜான் கூப்பரைப்போல வர வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

அந்தப் பெயர் எனக்கு அதுவரை சரியாகத் தெரியாது. "ஜெபித்துச் சொல்கிறேன், தம்பி" என்று அனுப்பிவைத்தேன். தெரியாததை மறைக்கவும் போதகர்களுக்கு அந்த வார்த்தை உதவுகிறது என்பதை இங்கே அறிக்கையிட்டுவிடுகிறேன். பின்பு அந்த மனிதரைக் குறித்துத் தேடி வாசித்தேன். அவருடைய பாடல்களையும் கேட்டேன். அவற்றின் சத்தம் என் வயதுக்குச் சற்று அதிகம்தான். ஆயினும் அவருடைய வாழ்க்கைப் பாதை என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் காட்டிலும், நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று அதில் இருக்கக் கண்டேன்.

ஒரு பேஸ் கலைஞரின் பாதை

ஜான் கூப்பர் 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்ஃபிஸ் நகரில் பிறந்தவர். தாய் இசை கற்றுக்கொடுத்தவர். ஆனால் ராக் இசைக்கு இடமில்லாத கண்டிப்பான கிறிஸ்தவ வீடு அது. அந்தத் தாய் புற்றுநோயால் வருந்தி, மகன் பதின்ம வயதில் இருக்கும்போதே மரித்துப்போனார். பிள்ளைப்பருவ விசுவாசம் அங்கே சோதிக்கப்பட்டது. அந்த இழப்பையும், அந்நாட்களில் தேவன் தம்மைக் கைவிடாதிருந்ததையும் அவர் பிற்காலத்தில் பலமுறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறார்.

1996-இல் ஸ்கில்லெட் குழு தொடங்கியது. அது தொடங்கிய விதம் கவனிக்கத்தக்கது. கூப்பரும், கென் ஸ்டியோர்ட்ஸ் என்ற கிட்டார் கலைஞரும் முன்பு வெவ்வேறு குழுக்களில் இருந்தவர்கள். வெவ்வேறு பாணி இசைக்குப் பழகியவர்கள். அவர்களுடைய சபைப் போதகரே இருவரையும் சேர்ந்து வாசிக்கும்படி ஊக்குவித்தார். பலவற்றை ஒரே வாணலியில் இட்டுச் சமைப்பதுபோல் இருக்கிறது என்பதால், வாணலி என்று பொருள்படும் ஸ்கில்லெட் என்னும் பெயரே குழுவுக்கு அமைந்தது. ஒரு டிரம் கலைஞரும் சேர, மூவர் குழுவாயிற்று. கூப்பரே பாடினார்; கூப்பரே பேஸ் வாசித்தார்.

இது எளிதான காரியமன்று. பாடும் வாய் மெட்டின் வழியே போகும். பேஸ் வாசிக்கும் விரல்களோ டிரம்மின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வேறு வழியே போக வேண்டும். ஆகவே பேஸ் வாசித்துக்கொண்டே முன்னணியில் பாடுகிறவர்கள் குறைவு.

முதல் இசைத்தொகுப்பு அதே 1996-இல் வெளிவந்தது. பிறகு வந்தவை நீண்ட வருடங்கள். ஊர் ஊராகப் பயணம், சிறிய அரங்குகள். தொடக்க கால நண்பர்கள் இருவரும் சில வருடங்களில் விலகினார்கள். அவர்களில் கென் ஸ்டியோர்ட்ஸ் மெம்ஃபிஸிலேயே கிறிஸ்தவ இசைஞரைப் பயிற்றுவிக்கும் கல்லூரி ஒன்றை நிறுவினார். கூப்பர் 1997-இல் மணந்துகொண்ட மனைவி கோரி, பின்னர் குழுவில் கீபோர்டும் கிட்டாரும் வாசிப்பவராக இணைந்தார். தொடக்கத்தில் இருந்தவர்களில் இன்று வரை குழுவில் இருப்பவர் கூப்பர் ஒருவரே.

2006-இல் வந்த 'கோமட்டோஸ்' தொகுப்பும், 2009-இல் வந்த 'அவேக்' தொகுப்பும் குழுவை உலகறியச் செய்தன. அமெரிக்காவின் முதன்மை விற்பனைப் பட்டியலில் 'அவேக்' இரண்டாம் இடத்தில் நுழைந்தது. இரண்டு தொகுப்புகளும் காலப்போக்கில் 10 லட்சம் பிரதிகள் என்ற அளவைத் தாண்டி, பிளாட்டினம் சான்று பெற்றன. சபைச் சுவர்களுக்கு வெளியே, விளையாட்டு ஒளிபரப்புகளிலும் உலகப்பிரகாரமான ராக் மேடைகளிலும் அவர்களுடைய இசை ஒலித்தது. அது நிமித்தம் விசுவாசிகளில் சிலர் அவரைக் கடிந்துகொண்டதும் உண்டு.

தம்பி, நீ இதை வாசித்தால் கணக்கிட்டுப் பார். 1996-இலிருந்து 2009 வரை 13 வருடங்கள். நீ பார்க்கும் ஒளிவெள்ள மேடைக்கு முன்னால் 13 வருடப் பேருந்துப் பயணம் இருக்கிறது.

கீழே ஒலிக்கும் சுரம்

இந்த வாத்தியத்தைக் குறித்தும் சற்றுச் சொல்ல விரும்புகிறேன். முன்பு ஆள் உயரத்துக்கும் மேலான மரப் பேஸை நின்றுகொண்டுதான் வாசித்தார்கள். 1951-இல் லியோ ஃபென்டர் என்பவர் கிட்டாரைப்போல் தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க மின்சாரப் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொதுவாக அதற்கு நான்கு தந்திகள். தடித்த தந்தி ஒரு விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் அந்த ஒலி வெளிப்படுவதில்லை. ஆகவே கைபேசியில் பாடல் கேட்கும் நம்மில் அநேகருக்கு பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் ஆராதனையில் ஒருநாள் அது நின்றுபோனால், என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும், பாடலின் அடியில் தரை இல்லாததுபோல் எல்லாரும் உணர்வார்கள்.

அதைவிட வியப்பானது ஒன்றை நம் தம்பி எனக்கு வாசித்துக் காட்டினான். கீபோர்டில் சி, இ, ஜி ஆகிய மூன்று சுரங்களை ஒருமித்து அழுத்தச் சொன்னான். தெளிவான, மகிழ்ச்சியான ஒலி. அதை விடாமல் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, கீழே பேஸில் 'ஏ' என்னும் சுரத்தை மீட்டினான். மேலே ஒன்றும் மாறவில்லை. ஆனால் மகிழ்ச்சி துயரத்தின் சாயல் கொண்டதாயிற்று. மேலே ஒலிப்பதற்கு என்ன பொருள் என்பதைக் கீழே ஒலிப்பது தீர்மானிக்கிறது.

வேதத்திலும் இதற்கு ஒரு சுவடு உண்டு. தாவீது உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்த நாளில் வாசித்தவர்களின் பட்டியலை 1 நாளாகமம் 15-ஆம் அதிகாரம் தருகிறது. 21-ஆம் வசனத்தில் ஆறு பேர் 'செமினீத்' என்னும் முறையில் வாசித்ததாகக் காண்கிறோம். எட்டாவது என்று பொருள்படும் இந்த எபிரெயச் சொல், கீழ்ஸ்தாயியைக் குறிக்கலாம் என்பது வேத அறிஞரில் பலருடைய கருத்து. எட்டுத் தந்தி வாத்தியம் என்பாரும் உண்டு. கீழ்ஸ்தாயி என்பது சரியானால், பேஸ் வாசிக்கிறவர்களின் முன்னோர் அந்த ஆறு பேரே. அவர்களில் ஒருவர் ஓபேத்ஏதோம். அதே அதிகாரம் அந்தப் பெயரை வாசல்காவலர் வரிசையிலும் வைக்கிறது. இசையும் வாசற்படியும் அருகருகே இருந்தன என்பதை மறவாதிருப்போம்.

2019-இல் அவர் சொன்னது

இனி நான் சொல்ல வந்த காரியத்திற்கு வருகிறேன்.

2019-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், உலகமெங்கும் கிறிஸ்தவர் அறிந்த இருவர் அடுத்தடுத்துத் தங்கள் விசுவாசத்தைக் குறித்து அறிவித்தார்கள். ஒருவர் புகழ்பெற்ற கிறிஸ்தவ எழுத்தாளர். தாம் இனிக் கிறிஸ்தவர் அல்ல என்றார். மற்றவர் சபைகள்தோறும் பாடப்படும் ஆராதனைப் பாடல்களை எழுதியவர். தம் விசுவாசம் நழுவிக்கொண்டிருக்கிறது என்றார். அநேக வாலிபர் கலங்கினார்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஜான் கூப்பர் தம் முகநூல் பக்கத்தில் நீண்ட பதிவு ஒன்றை எழுதினார். அது பல லட்சம் பேரைச் சென்றடைந்தது.

அதன் சாரம் இது. ஆராதனை நடத்துகிறவர்களையும், பிரபலமானவர்களையும், கவர்ச்சியாகப் பேசுகிறவர்களையும் நாம் கிறிஸ்தவத்தின் போதகர்களாக்கிவிட்டோம். இதை நிறுத்த வேண்டும். தாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் என்று ஒப்புக்கொண்டே அவர் இதைச் சொன்னார். உணர்ச்சியோடு பாடுவது ஒன்று, வேத சத்தியத்தை அறிந்து போதிப்பது வேறொன்று என்றார். மேலும் ஒரு கேள்வி கேட்டார்: இத்தனை வருடம் ஜனங்களை நடத்திய பாதை தவறு என்று நேற்று உணர்ந்தவர், சிறிது காலமாவது வெட்கப்பட்டு அமர்ந்திருக்க வேண்டாமா? அதே தைரியத்தோடு மறுநாளே மற்றவர்களுக்கு வழிகாட்டப் புறப்படுவது எப்படி?

மேடையினால் வாழ்கிற ஒருவரே மேடையை நம்பாதீர்கள் என்று சொன்னார். இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். யாக்கோபு 3:1-இல் அப்போஸ்தலன் தருகிற எச்சரிப்பும் இதுவே அல்லவா? போதகராகிறவர்கள் அதிக ஆக்கினைக்குட்படுவார்கள் என்று அறிந்து, அநேகர் அந்த இடத்தை நாடாதிருக்கும்படி அவர் கேட்டுக்கொள்கிறார்.

ஆயினும் இரண்டு காரியங்களை நான் சொல்லாமல் விடுவது சரியல்ல.

முதலாவது, அந்தப் பதிவுக்குப் பின் நடந்தது. கூப்பர் 2020-இல் சத்தியத்தைக் குறித்து ஒரு புத்தகம் வெளியிட்டார், 2023-இல் இன்னொன்று. தொடர்ந்து ஒலிபரப்பும் நடத்துகிறார். தம் நாட்டின் பண்பாட்டு, அரசியல் விவாதங்களிலும் பேசுகிறார். இசைக்கலைஞரைக் குருவாக்காதீர்கள் என்று சொன்னதினாலேயே அவர் அநேகருக்குக் குருவானார். இதை அவருடைய குற்றமாக மட்டும் நான் எழுதவில்லை. வேதத்தை ஊன்றிப் படித்து அவர் பேசுகிறார் என்பதும் உண்மை. ஆனால் கேட்கிற நாம் எப்படிப்பட்டவர்கள் என்பதை இது காட்டுகிறது. மேடையில் நிற்பவர் "என்னைப் பின்பற்றாதீர்கள்" என்று சொன்னாலும், "எவ்வளவு அழகாகச் சொன்னார்!" என்று அவரையே பின்பற்றுகிறோம்.

இரண்டாவது, சந்தேகப்படுகிறவர்களைக் குறித்தது. தடுமாறுகிறவன் மேல் இரக்கமாயிருக்கும்படி யூதா தம் நிருபத்தின் 22-ஆம் வசனத்தில் கேட்கிறார். விசுவாசம் நழுவுகிறது என்று ஒருவர் அறிவிக்கும்போது, அவர் ஏன் பொது இடத்தில் சொன்னார் என்று நாம் கேட்கிறோம். சபைக்குள் அதைச் சொல்ல அவருக்கு இடம் இருந்ததா என்று யார் கேட்கிறோம்?

ஆசாபின் சறுக்கல்

இந்தக் கேள்வியோடு சங்கீதம் 73-ஐ மறுபடியும் வாசித்தேன். அதை எழுதியவர் ஆசாப். அவரும் இசைக்கலைஞர்தான், தாவீது பெட்டிக்கு முன்பாக நிறுத்திய பாடகர் தலைவர், கைத்தாளம் ஒலிக்கச் செய்தவர். அப்படிப்பட்டவர் தம் கால்கள் சறுக்கிப்போகச் சற்றே மீதியாயிருந்தது என்று அறிக்கையிடுகிறார். துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமை கொண்டார். தம் இருதயத்தைச் சுத்தமாகக் காத்துக்கொண்டது வீண் என்றே நினைத்தார். தேவாலயத்தின் தலைமைப் பாடகருக்கு விசுவாசம் ஆட்டங்கண்டது.

அவர் என்ன செய்தார் என்பதை 15-ஆம் வசனத்திலும் 17-ஆம் வசனத்திலும் காண்கிறோம். நினைத்ததையெல்லாம் அப்போதே பேசியிருந்தால், தேவனுடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாயிருப்பேன் என்று உணர்ந்து வாயைக் காத்தார். பின்பு தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்தார். அங்கேதான் அவருக்கு வெளிச்சம் கிடைத்தது. அதன்பின் எல்லாவற்றையும், தம் சறுக்கலையும் சேர்த்து, பாடலாக எழுதி நமக்குத் தந்தார். அவர் சந்தேகத்தை என்றென்றைக்கும் மறைக்கவில்லை. அதோடு முதலில் ஓடிய இடம் ஜனங்களின் செவி அல்ல, தேவனுடைய சமுகம்.

"ஆசாபை வேதம் ஞானதிருஷ்டிக்காரன் என்றும் அழைக்கிறதே, அப்படியானால் இசைக்கிறவர் போதிக்கலாம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 2 நாளாகமம் 29:30 அவரை அப்படியே அழைக்கிறது. ஆனால் அவர் தனி மனிதராக நிற்கவில்லை. 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தில் கர்த்தரைப் பாடக் கற்றுத் தேறியவர்கள் 288 பேர். பிள்ளைகள் தகப்பனுடைய கையின்கீழும், தகப்பன்மார் ராஜாவின் கட்டளையின்கீழும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தம்மைக் கவனிக்கிற ஒருவர் இருந்தார். ஸ்கில்லெட் குழுவும் ஒரு போதகரின் ஊக்குவிப்பில்தான் தொடங்கியது என்பதை இங்கே நினைவுகூருங்கள்.

என் அறிக்கை

இங்கே நான் உங்களிடம் ஒன்றை அறிக்கையிட வேண்டும். பல வருடங்களுக்கு முன், நான் வேறொரு ஊரில் ஊழியம் செய்த நாட்களில், 17 வயதுப் பையன் ஒருவன் எங்கள் கூடுகைக்கு வந்தான். அருமையாகக் கிட்டார் வாசிப்பான். எங்களிடம் பேஸ் வாசிக்க ஆள் இல்லை. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவனை மேடையில் நிறுத்திவிட்டேன். புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவனைப் பொறுப்பில் உயர்த்தாதிருக்கும்படி 1 தீமோத்தேயு 3:6 சொல்வதை நான் அறிவேன். ஆனால் அது கண்காணிகளுக்குச் சொன்னது, வாத்தியம் வாசிப்பவர்களுக்கு அல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வருடம் அவன் ஒவ்வொரு ஞாயிறும் வாசித்தான். காலை ஏழு மணிக்கு வந்து ஸ்பீக்கர்களைத் தூக்கி வைப்பான். பிரசங்க நேரத்தில் அடுத்த பாடலுக்கான ஆயத்தத்தில் இருப்பான். அவன் வேதம் வாசிக்கிறானா, வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. மேடையில் கண்களை மூடி வாசிக்கிறவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது என்று எண்ணினேன். ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. நான் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட முதல் வார்த்தை, "தம்பி, இன்றைக்கு யார் பேஸ் வாசிப்பார்?" என்பதே. அவன் அதற்குப் பிறகு எந்தச் சபைக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். சில வருடங்கள் கழித்துப் பேருந்து நிலையத்தில் சந்தித்தபோது மரியாதையாகவே பேசினான். "பாஸ்டர், அப்போது என் அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். உங்களிடம் சொல்லலாம் என்று இரண்டு மூன்று முறை வந்தேன். நீங்கள் பாடல் வரிசையைப் பற்றிக் கேட்டீர்கள்" என்றான்.

அந்த வார்த்தை இன்றும் என் உள்ளத்தில் இருக்கிறது. ஆசாப் தடுமாறியபோது அவருக்குப் பிரவேசிக்க ஒரு பரிசுத்த ஸ்தலம் இருந்தது. என் சபையின் ஆசாபுக்கோ, பரிசுத்த ஸ்தலமாக இருக்க வேண்டிய இடம் வேலை செய்கிற இடமாக இருந்தது. மேடைக்கு மேலே ஒலித்ததை மட்டும் நான் கேட்டேன். கீழே என்ன சுரம் ஒலித்தது என்று கவனிக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே, பிரியமானவர்களே, சில காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

போதகர்களும் மூப்பர்களும் கவனிக்க: இசைக்குழுவினரை மாதத்தில் ஒரு ஞாயிறாவது மேடையிலிருந்து இறக்கி, குடும்பத்தாரோடு அமர்ந்து வசனம் கேட்கச் செய்யுங்கள். அன்றைக்கு பேஸ் இல்லாவிட்டால் குறைவில்லை, கைத்தாளத்தோடு பாடுவோம். இசைப் பயிற்சிக்குச் செலவிடுகிற நேரத்தில் ஒரு பங்கையாவது அவர்களோடு வேதம் வாசிக்கச் செலவிடுங்கள். தாலந்தைக் கண்டவுடன் மேடை கொடுக்காதிருங்கள். காத்திருக்கச் சொல்வதும் அன்புதான்.

பெற்றோர் கவனிக்க: பிள்ளை வாத்தியத்தோடு சபையில் நிற்பதைக் கண்டு, இனி அவனைக் குறித்துக் கவலையில்லை என்று இருந்துவிடாதிருங்கள்.

வாலிபர் கவனிக்க: உங்கள் கைபேசியில் ஒலிக்கும் பாடகர் உங்களை அறியமாட்டார். நீங்கள் நோயுற்றால் வந்து ஜெபிக்கமாட்டார். நீங்கள் வழிதவறினால் தேடி வரவும் மாட்டார். அவர் பாடலில் கர்த்தர் உங்களோடு பேசலாம். அதற்காக ஸ்தோத்திரம் செய்யுங்கள். ஆனால் மேய்ப்பு என்பது உங்கள் பெயரை அறிந்தவர்கள் செய்கிற வேலை.

இனி, நம் தம்பிக்கு என் பதில். இசையை நேசிப்பது பாவமல்ல. அது தேவன் உனக்குத் தந்த ஈவு. முழுநேரமும் இசைக்கலாமா என்பதை அவசரப்பட்டுத் தீர்மானிக்காதே. படிப்பை முடி. ஒரு வேலையில் இருந்துகொண்டே இரண்டு வருடம் வாசி. அந்த இரண்டு வருடமும், வாரம் ஒருமுறை நீயும் நானும் அமர்ந்து வேதம் வாசிப்போம். பாடல் வரிசையைப் பற்றி அந்த நேரத்தில் நான் கேட்கமாட்டேன். உன் சந்தேகங்களைக் கொண்டு வா, நான் அதிர்ச்சியடையமாட்டேன். அதன்பின் கர்த்தர் நடத்தினால், உன்னைக் கை வைத்து ஜெபித்து அனுப்புகிற முதல் ஆள் நானாக இருப்பேன். உன் பெற்றோரிடம் பேச இந்த வாரமே உன் வீட்டுக்கு வருகிறேன்.

ஜெபம்

எங்கள் பரம தகப்பனே, எங்கள் சபைகளில் பாடுகிறவர்களுக்காகவும் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்காகவும் உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். அவர்களுடைய தாலந்தைப் பயன்படுத்திக்கொண்டு அவர்களுடைய ஆத்துமாவைக் கவனியாமற்போன எங்களை மன்னியும். கால்கள் சறுக்குகிற நேரத்தில் அவர்கள் உம்முடைய சமுகத்துக்குள் பிரவேசிக்கவும், அங்கே எங்களையும் திறந்த செவியோடு காணவும் கிருபை செய்யும். வழிவிலகிப் போனவர்களை, விசேஷமாய் நான் தவறவிட்ட அந்த மகனை, நீரே தேடிக் கண்டடைந்து கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்